பேக்கப், ரீஸ்டோர்: வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சொல் வேண்டும்

ஒருங்கிணைப்பாளர்:

நண்பர்களே, வணக்கம்.

ரயில் ஓட்டும் விளையாட்டின் தமிழாக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ரயில் பாதைகளை நாமே அமைக்கும் பகுதியான வழித்தடத் திருத்தியில் பேக்கப், ரீஸ்டோர் என்ற இரண்டு பொத்தான்கள்தான் பாக்கி. ஒன்றை அழுத்தினால் நாம் உருவாக்கிய வழித்தடத்தின் கோப்புகள் மொத்தமும் தேதியோடு வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கப்படும். மற்றதை அழுத்தினால் இப்போதிருப்பது போய் பழையது வந்து உட்காரும். வரைவில் காப்புப்பிரதி, மீட்டமை என்று போட்டிருந்தோம். பொத்தானில் 12 யூனிகோடு குறியீடுகளுக்குத்தான் இடம். காப்புப்பிரதி நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, கணினிக்கோ புள்ளி, கால், கொக்கி எல்லாம் தனித்தனி, ஆக 13 குறியீடு. கடைசிக் கொக்கி வெட்டுப்பட்டு "காப்புப்பிரத" என்று நிற்கிறது. வெள்ளி இரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். சுருக்கமாக ஒரு சொல் சொல்லுங்கள்.

வழித்தடம் அமைப்பவர்:

நீளத்தைவிட எனக்கு மீட்டமைதான் கவலை. வேறொரு மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் இதே சொல்லை நம்பி ஏமாந்திருக்கிறேன். பழைய கோப்பு திரும்ப வரும் என்று நினைத்து அழுத்தினேன். அங்கே அது ரீசெட். எல்லா அமைப்பும் முதல்நாள் நிலைக்குப் போய்விட்டது, மூன்று வார வேலை வீண். ரீசெட்டுக்கும் ரீஸ்டோருக்கும் ஒரே சொல்லை வைத்தால் இதுதான் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்பு முறையில், ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச ரயில் விளையாட்டு இன்றும் படிப்பது அதைத்தான், நிலம் 2048 மீட்டர் சதுரங்களாகப் பிரிந்திருக்கும். சதுரத்துக்கு ஒரு உலகக் கோப்பு. மரம், நடைமேடை, கண்ணுக்குத் தெரியும் தண்டவாளம் எல்லாம் அதில். ஆனால் வண்டி எந்தத் தடத்தில் போகலாம் என்பது மொத்த வழிக்கும் பொதுவான தனித் தரவுக் கோப்பில் இருக்கிறது. ஒரு சதுரத்தின் பழைய உலகக் கோப்பை மட்டும் திரும்ப வைத்துப் பாருங்கள். தண்டவாளம் பளபளவென்று கிடக்கும், வண்டி அதில் ஏறாது. இன்னோரிடத்தில் தண்டவாளமே இல்லாத வெறும் புல்மேல் வண்டி ஓடும். அதனால் எடுத்தாலும் முழுதாக எடுக்க வேண்டும், வைத்தாலும் முழுதாக வைக்க வேண்டும். "நகல்" என்றால் ஒரு கோப்பை நகலெடுத்தால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். காப்புத்தொகுப்பு என்று வைக்கலாமா?

ஒருங்கிணைப்பாளர்:

காப்புத்தொகுப்பு 16 குறியீடு. இடம் போதாது.

தமிழாசிரியர்:

அன்பர்களே, இந்தச் சொல்லுக்கு நாம் வெளியே போக வேண்டியதே இல்லை. புறநானூறு 102ஆம் பாட்டு, அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வணிகர் வண்டி கட்டிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் நிறைய. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே "உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு". ஓடும் அச்சு முறிந்தால் மாற்றிப் போட, வண்டியின் அடியில் முன்கூட்டியே கட்டி வைத்த இன்னோர் அச்சு. பேக்கப் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் உண்டா? அதுவும் ஒரு வண்டியின் பாகம், நம்முடையதும் வண்டி விளையாட்டு. ஆகவே சேமப்படி. ஐந்தே எழுத்து, எட்டே குறியீடு.

படி என்பதும் சும்மா வந்ததல்ல. ஏடுகள் செல்லரிக்கும் முன் புது ஓலையில் படியெடுத்தார்கள். படியெடுக்காமல் விட்ட நூல்கள் போய்விட்டன. நாம் பேசும் வேலையும் அதுதான்.

தனித்தமிழ் அன்பர்:

ஐயா, பாட்டைப் படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் சேமம் என்பது க்ஷேமம். தூய சொல்லாக ஏமம் இருக்கிறதே. "பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்" என்று 738ஆம் குறளில் நாட்டுக்கு அணியாகச் சொல்கிறார், அங்கே பொருள் காவல். ஏமப்படி என்றால் ஏழு குறியீடு, இன்னும் சிறியது. நகலும் வேண்டாம், அது அரபுச் சொல். பிரதியும் வேண்டாம்.

வகுப்பில் கணினி சொல்லித் தருபவர்:

ஐயா சொன்ன சேம அச்சை மாணவர்களிடம் கதையாகச் சொன்னேன், ரொம்பவும் ரசித்தார்கள். அப்புறம் சேமப்படி என்று பொத்தானில் எழுதிக் காட்டினேன். பாதிப் பேருக்கு மேல் அதை அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும் என்றார்கள்! குறை அவர்களுடையது இல்லை. அதே வரிசையில் இரண்டு பொத்தான் தள்ளி "சேமி" இருக்கிறது. சேவும் பேக்கப்பும் ஒன்று என்று நினைப்பவர்களுக்குத்தான் வேலை தொலைகிறது. சேவ் செய்தால் பழையதன்மேல் புதியது எழுதப்படும். தவறாகப் போட்ட வளைவையும் சேர்த்துத்தான் அது சேமிக்கும். பேக்கப் இருந்தால்தான் பின்னால் போக முடியும். இவ்வளவு தூரம் எதிரெதிரான இரண்டுக்கும் ஒரே வேரில் சொல் வைக்கக் கூடாது.

ஏமப்படியைப் பார்த்ததும் ஏமாற்று நினைவுக்கு வந்தது என்றாள் ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

நேராகக் கேட்கிறேன், பேக்கப் என்றே வைத்தால் என்ன? பிள்ளைகள் "பேக்கப் எடுத்தியா" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

தனித்தமிழ் அன்பர்:

அம்மா, பேச்சில் வருவதையெல்லாம் பொத்தானில் வைப்பதென்றால் நமக்கு இந்தத் தமிழாக்கமே தேவையில்லை. இன்று புதிதாகத் தோன்றும் சொல் நாளை பழகிவிடும். கோப்பு என்பதும் ஒருநாள் புதிதுதான். சொல்லைக் கண்ணில் காட்டாமலே பழகவில்லை என்றால் எப்படி?

தமிழாசிரியர்:

வடசொல் என்று சேமத்தைத் தள்ளுவது எனக்கு வருத்தம். "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியரே எச்சவியலில் வழி விட்டிருக்கிறார். க்ஷ போய்ச் ச வந்து, சங்கப் பாட்டிலேயே ஏறிய சொல்லுக்கு இனி என்ன சான்று வேண்டும்? ஆனால் கணினி அம்மையார் சொல்லும் காரணம் வேறு. சேமி பக்கத்தில் நிற்கிறது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சேமி என்பதை "பதி" என்று மாற்றிவிட்டால்?

ஒருங்கிணைப்பாளர்:

ஐயா, சேமி நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளில் இருக்கிறது. வெள்ளிக்குள் முடியாது. காப்புப்படி என்றால் 11 குறியீடு, பொத்தானில் அடங்குகிறது. நீங்கள் சொன்ன படியும் இருக்கிறது.

தமிழாசிரியர்:

சட்டப்படி, விதிப்படி, முறைப்படி, இந்த வரிசையில் காப்புப்படி! காப்பின்படி என்றல்லவா ஒலிக்கிறது. சேமப்படிக்கும் இதே குறை உண்டே என்று கேட்பீர்கள், உண்டுதான். ஆனால் அங்கே முன்சொல் அரிதானது, ஆகவே நின்று படிப்பார்கள்.

மீட்டமைக்கு வருவோம். மீள் என்பதில் தன்வினை மீண்டான், பிறவினை மீட்டான். வீணைக்கு வருவது வேறு வினை, மீட்டினான். ஏவலில் சிக்கல் வருகிறது. வெறும் "மீட்டு" என்று பொத்தானில் எழுதினால் வீணையை மீட்டச் சொன்னதாகிவிடும். பிறவினையின் ஏவல் "மீள்" என்றே வரும், அதைப் படிப்பவர் தன்னைத் திரும்பச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். ஆகவே ஒரு துணைவினை சேர்த்தே ஆக வேண்டும். மீட்டெடு.

வழித்தடம் அமைப்பவர்:

மீட்டெடு நல்ல சொல்தான், ஆனால் அதில் ஒரு பொருளே கேட்கிறது. ஆபத்தில் இருப்பதைக் காப்பாற்றுவது போல. இந்தப் பொத்தான் காப்பாற்றுவது மட்டும் இல்லை, இன்று காலை முதல் நான் போட்டதையெல்லாம் தூக்கி எறியவும் செய்கிறது. போன மாதம் ஒரு யார்டில் ஒன்பது தடங்கள் போட்டு முடித்து, ஒரு சமிக்ஞைக் கம்பம் தவறாக நிற்கிறதே என்று பழையதைத் திரும்ப வைத்தேன். கம்பம் சரியாகிவிட்டது. ஒன்பது தடத்தில் நான்கு போய்விட்டன. அந்தப் பேக்கப்பை எடுத்தபோது ஐந்தாவது தடம்வரைதான் போட்டிருந்தேன் என்பதை மறந்துவிட்டேன்.

எந்தச் சொல்லும் இத்தனையையும் தாங்காது என்று இப்போது புரிகிறது. பொத்தானில் மீட்டெடு இருக்கட்டும். அதை அழுத்தியதும் வரும் கேள்வியில் தேதியைப் போடுங்கள். "இப்போதுள்ள கோப்புகள் நீங்கும். இந்தத் தேதியில் எடுத்த படி அவற்றின் இடத்தில் வரும். முதலில் இப்போதுள்ளதற்கும் ஒரு படி எடுக்கவா?" இப்படி இருந்தால் என் நான்கு தடமும் தப்பியிருக்கும்.

வகுப்பில் கணினி சொல்லித் தருபவர்:

இந்தக் கேள்வி அருமை. கடைசி வாக்கியத்துக்கு ஆம் என்பது முன்கூட்டியே தேர்வாகி இருக்கட்டும். இது வந்தால் காப்புப்படிக்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. வகுப்பில் பேக்கப் என்றுதான் சொல்லுவேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தனித்தமிழ் அன்பர்:

காப்பு தமிழ், படி தமிழ். ஏமம் இல்லை என்ற குறை எனக்கு இருக்கிறது. சம்மதம். ஆனால் விளையாட்டின் தலைப்பில் ரயில் என்று இருப்பதை யாரும் பேசவே இல்லை. தொடர்வண்டி என்று வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர்:

தொடர்வண்டிக்குத் தனி இழை திறவுங்கள், தயவுசெய்து.

இன்றிரவு போவது இது: காப்புப்படி, மீட்டெடு. ரீசெட்டுக்குத் தொடக்கநிலை, அது 10 குறியீடு. மீட்டமை எல்லா வரியிலிருந்தும் எடுத்தாகிவிட்டது. கேள்விப் பெட்டியின் வாசகம் வழித்தட நண்பர் எழுதியபடியே. ஆம் முன்தேர்வாக இருப்பது நிரலில் செய்ய வேண்டிய மாற்றம், அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர்:

மீட்டெடுக்கு மகிழ்ச்சி. காப்புப்படிக்கு நான் கை தூக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உதவிப் பக்கத்தில் இதற்கு விளக்கம் எழுதும்போது அந்த உமணர் வண்டியைப் பற்றி இரண்டு வரி சேர்க்க இடம் உண்டா? அங்கே குறியீட்டுக் கணக்கு இல்லையே. நானே எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆகும்.