புள்ளைங்களுக்குப் பத்தாம போன துணி: குடுத்தவங்க, வித்தவங்க, வாங்குனவங்க அனுபவம் சொல்லுங்க

குன்னூர் அம்மா:
போன டிசம்பர்ல நடந்தது, இன்னும் மனசுல கெடக்கு. பையனோட பழைய ஸ்வெட்டர், ஜெர்கின், குரங்குகுல்லா எல்லாம் ஒரு கட்டப்பை நெறைய எடுத்துட்டு பக்கத்து எஸ்டேட் லைனுக்குப் போனேன். ஜார்க்கண்ட்ல இருந்து இலை பறிக்க வந்த குடும்பங்க, அந்தப் பனியில குழந்தைங்க ஒத்த சட்டையோட நிக்குதுங்க. ஒரு அம்மா நீல ஜெர்கினை எடுத்து அதோட கைக்குள்ள தன் கைய முழங்கை வரைக்கும் விட்டுப் பாத்தாங்க, அப்புறம் ஜிப்பை மேல இழுத்தாங்க. நெஞ்சு வரைக்கும் ஏறுச்சு, கீழ பல்லு பிரிஞ்சு வாயைத் தொறந்துருச்சு. மூணு தடவ இழுத்தாங்க. மடிச்சு என் பையிலயே திரும்ப வெச்சு "குளிர் உள்ள வரும் அக்கா"ன்னாங்க, அவ்ளோதான், கோவமே இல்ல. பையனுக்கு அது பத்தாம போகல, ஜிப் போனதாலதான் போடுறத நிறுத்துனான். அது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் பையில போட்டேன்.

கொடைக்கானல் வாசி:
நான் வித்தேன். பாப்பாவோட கம்பளி கோட்டு, வாட்ஸப்ல 300 ரூபான்னு போட்டேன். பூம்பாறையில இருந்து ஒரு பாட்டி பேத்திக்குன்னு பஸ் ஏறி வந்துட்டாங்க. சுருக்குப்பையில இருந்து பத்தும் இருபதுமா எண்ணி வெச்சாங்க, நோட்டெல்லாம் பூண்டு வாசம். 250தான் இருந்துச்சு, பஸ்ஸுக்குன்னு தனியா முடிஞ்சு வெச்சிருந்ததையும் அவுத்துக் குடுத்தாங்க, நானும் வாங்கிட்டேன். திரும்பிப் போக காசு இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல.

கூடலூர் நர்ஸ்:
கொடைக்கானல் வாசி, நீங்க வித்ததுல ஒரு தப்பும் இல்ல, சும்மா குடுத்தா குறை சொல்ல முடியாம வாங்கிக்கணும், காசு குடுத்தா நல்லா இல்லன்னு சொல்லலாம். ஆனா எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தென்மேற்கு மழையில ஜூன்ல இருந்து பீரோவுல அடைச்சு வெச்ச துணி பூசணம் பிடிச்சிரும், அதுக்குன்னு அந்துருண்டை போட்டு வெக்கிறோம், அதே துணிய அப்படியே கைக்குழந்தைக்குக் குடுக்காதீங்க. ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுவைக் காக்கற ஒரு நொதி பிறவியிலயே கம்மியா இருக்கறது) இருக்கற குழந்தைக்கு அந்த உருண்டையில இருக்கற நாப்தலீனால ரத்த சிவப்பணு உடைஞ்சு காமாலை வரலாம், பாக்க சாதாரண குழந்தை மாதிரிதான் இருக்கும், அம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது. அதனால பச்சக்குழந்தைத் துணிக்கு உருண்டையே போடாதீங்க. குல்லாவுல, கழுத்துல கயிறு இருந்தா உருவிருங்க, எங்கயாவது மாட்டுனா கழுத்த இறுக்கிரும். பட்டன் ஆடுதான்னு இழுத்துப் பாருங்க, வாயில போட்டுக்கும். அப்புறம் அரசுப்பள்ளிப் புள்ளைங்களுக்கு மலையில ஸ்வெட்டர் குடுக்கறாங்க, அதனால இன்னும் பள்ளிக்கூடம் போகாத சின்னதுங்க சைஸப் பாத்து எடுத்து வைங்க.

கோத்தகிரி 84:
நர்ஸ் அக்கா, "குறை சொல்ல முடியாம வாங்கிக்கணும்"னு சுளுவா சொல்லிட்டீங்க. நான் வாங்கிப் போட்டு வளந்தவன். கான்வென்ட்ல படிச்ச யாரோ ஒரு பையனோட மெரூன் ஸ்வெட்டர், நெஞ்சுல வெள்ள நூல்ல பேர் போட்டிருந்துச்சு. எங்கம்மா ராத்திரி சிம்னி வெளக்குல பிளேடால ஒவ்வொரு தையலா பிரிச்சாங்க. நூல் போயிருச்சு, ஓட்டை போகல, வெயில்ல நின்னா அந்த ஓட்டையிலயே பேரப் படிக்கலாம். அஞ்சாவது முடியற வரைக்கும் அசெம்பிளியில புத்தகத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டே நிப்பேன். காசுக்கு வித்திருந்தா எங்கம்மா வாங்கியிருக்கவே முடியாது. பேரு போட்டிருந்தா நீங்களே பிரிச்சு, மேல ஒரு பூவோ பாக்கெட்டோ வெச்சுத் தெச்சுக் குடுங்க.

கூடலூர் நர்ஸ்:
தம்பி, நீங்க சொல்றதும் சரிதான். பேர் விஷயம் எனக்குத் தோணவே இல்ல.

குன்னூர் அம்மா:
அந்த ஜெர்கினுக்கு மார்க்கெட் டெய்லர்கிட்ட ஜிப் மாத்திட்டேன், 80 ரூபா. ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போனா அந்தக் குடும்பம் வேற எஸ்டேட்டுக்குப் போயிருச்சுன்னாங்க. ஊட்டி தாண்டி தலைகுந்தா பக்கம்னு ஒருத்தர் சொன்னாரு, அங்கதான் ஜனவரியில புல்லெல்லாம் வெள்ளையா உறஞ்சு கெடக்கும். அந்தப் பக்கம் இருக்கறவங்க யாராவது விசாரிச்சு சொல்லுங்க, கொண்டுவந்து குடுத்துர்றேன்.