மறு: நீம் கோயிலின் தூண்கள் – சொல் வேண்டும்

இரா.:
அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலைப் பாடநூலின் ரோமானியக் கோயில் இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பிரான்சின் நீம் நகரிலுள்ள மெசோன் கரே என்ற ரோமானியக் கோயிலை 'சூடோபெரிப்டெரல்' என்கிறார்கள். 30 தூண்களில் முகப்பு மண்டபத்தின் 10 மட்டுமே தனித்து நிற்பவை. மற்ற 20 தூண்களும் கருவறைச் சுவரில் பாதி புதைந்தவை. இதற்குத் தமிழில் 'போலிச் சுற்றுத்தூண் கோயில்' சரியா?

செ.:
வேண்டாம் தம்பி. 'போலி' என்றாலே மாணவருக்குப் போலி மருந்துதான் நினைவுக்கு வரும். சுவரோடு சேர்ந்த தூணுக்கு நம் கோயில் நூல்களில் 'அரைத்தூண்' இருக்கிறதே. 'அரைத்தூண் கோயில்' போதும்.

மா.:
செ. ஐயா பொறுக்க வேண்டும். இலக்கணத்திலும் 'போலி' உண்டு: நயம், ஞயம் ஆவது முதற்போலி. அதில் பொய் எங்கே? ஓரெழுத்தின் இடத்தில் இன்னோரெழுத்து நின்று பொருளைக் காக்கிறது. இங்கும் தூண்வரிசையின் இடத்தில் சுவர் நின்று தோற்றத்தைக் காக்கிறது. முகப்பு மண்டபத்துக்கும் 'முன்றில்' வையுங்கள். 'இல்முன்' என்பதன் இலக்கணப்போலி அது.

செ.:
முன்றில் திறந்த முற்றம் அம்மா. இங்கே மேலே கூரை இருக்கிறது.

க.:
மூலத்துக்குப் போவோம். 'சூடோபெரிப்டெரல்' சொல்லுக்குள் இருக்கும் 'ப்டெரோன்' கிரேக்கத்தில் சிறகு. அஞ்சிறைத் தும்பியின் 'சிறை' நமக்கு இருக்கிறது: 'ஒட்டுச்சிறைக் கோயில்'. இன்னொன்று. அந்தக் கோயில் முகப்பின் வெண்கல எழுத்துகள் போய்விட்டன. எஞ்சிய ஆணித்துளைகளை வைத்தே 1758-இல் நீம் நகர அறிஞர் செகியே கல்வெட்டை வாசித்தார். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பேரர்களும் தத்துப்பிள்ளைகளுமான காயுஸ், லூசியுஸ் பெயர்கள் வெளிவந்தன. இயலில் இது கட்டாயம் வேண்டும்.

இரா.:
செகியேவைச் சேர்க்கிறேன். ஆனால் 'சிறைக் கோயில்' என்றால் சிறைச்சாலை என்றே படிப்பார்கள், ஐயா.

பே.:
வகுப்பெடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். ஏன் இப்படிக் கட்டினார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்கு முதலில் புரிய வேண்டும். ஏதென்ஸிலுள்ள கிரேக்கக் கோயிலான பார்த்தினனின் 46 புறத்தூண்கள் நாற்புறமும் நிற்கின்றன. தூணுக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிவரலாம். ரோமானியர், பண்டை இத்தாலியின் எத்ருஸ்கர் வழியில் உயர்மேடை கட்டி, முன்புறம் மட்டும் படி வைத்தார்கள். நீமில் கருவறையை மேடையின் அகலம் முழுக்க விரித்ததால் நடைவழி மறைந்தது. பார்த்தினனுக்குச் 'சுற்றுத்தூண் கோயில்' எப்படியும் தேவை. அதன் பக்கத்தில் 'போலிச் சுற்றுத்தூண்' வந்தால் உறவு தானே விளங்கும். 'அரைத்தூண்' தூணைச் சொல்கிறது, கோயிலின் அமைப்பைச் சொல்லவில்லை.

மா.:
உடன்படுகிறேன்.

க.:
சிறையைக் கைவிட மனமில்லை. ஆனாலும் அச்சு நெருங்குகிறது. சரி.

இரா.:
அப்படியானால் 'போலிச் சுற்றுத்தூண் கோயில்'. முன்றிலை விட்டுவிட்டு 'முகமண்டபம்' என்றே போடுகிறேன்.

செ.:
என் மறுப்பு நிற்கிறது. அந்த 20 தூண்களும் கல்லில் செதுக்கிய மெய்யான தூண்கள். சொல்லடைவில் 'அரைத்தூண் கோயில்' என்பதையும் சேருங்கள், தம்பி.