சில டிவிகளில் மட்டும் சேனல் லோகோ வெட்டுப்படுகிறது, எங்கே வைப்பது?

அலைவரிசை:
வணக்கம். சிறிய சேனல் ஒன்றின் ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியீடு 1080i (இன்டர்லேஸ்). லோகோ வலது மேல் மூலையில், மேலிருந்து 20 பிக்சல், வலப்பக்கம் 30 பிக்சல் தள்ளி இருக்கிறது. மானிட்டரில் கச்சிதமாகத் தெரிகிறது. ஆனால் நேயர்கள் சிலர் அனுப்பும் படங்களில் லோகோவின் தலைப்பகுதியே இல்லை, கடைசி எழுத்தும் பாதிதான். வேறு சில டிவிகளில் முழுதாக வருகிறது. அப்புறம், லோகோவைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறது. பின்னணி வெளிச்சமாக இருந்தால் ரொம்ப உறுத்துகிறது. இடத்தை மாற்றினால் இரண்டும் சரியாகுமா?

மூன்றாம்கண்:
வெட்டுப்படுவதற்குக் காரணம் ஓவர்ஸ்கேன். பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் திரைச் சட்டத்துக்குப் பின்னால் மறையும்படிதான் அமைப்பார்கள். அந்த வழக்கம் எல்சிடி டிவிகளுக்கும் வந்துவிட்டது. பல டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தை வெட்டித்தான் காட்டுகின்றன. ஒவ்வொரு பக்கமும் 3 சதவீதம் போனாலே அகலத்தில் சுமார் 58 பிக்சல், உயரத்தில் 32 பிக்சல் காலி. உங்கள் 30-ம் 20-ம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. டிவி செட்டிங்கில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ வைத்திருப்பவர்களுக்கு முழுப்படமும் தெரியும். அதனால்தான் ஆளுக்கொரு மாதிரி வருகிறது.

நேயர் ஒவ்வொருவரிடமும் போய் செட்டிங்கை மாற்றச் சொல்ல முடியாது. நீங்கள்தான் லோகோவை உள்ளே நகர்த்த வேண்டும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 95 பரிந்துரைப்படி எழுத்து, கிராஃபிக்ஸ் எல்லாம் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் 5 சதவீதம் உள்ளே இருக்க வேண்டும். 1920 x 1080 படத்தில் பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல். லோகோவின் நிழல், ஒளிவட்டம் எல்லாவற்றையும் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள்.

நிலையத்தான்:
அதோடு ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சிக்னலை யாராவது 4:3-ஆக நடுவில் வெட்டிக் கொடுக்கிறார்களா? அப்படியானால் இரண்டு பக்கமும் 240 பிக்சல் போய்விடும், 96 பிக்சல் எந்த மூலைக்கும் போதாது. மிஞ்சும் 1440-க்குள் இன்னும் 72 பிக்சல் விட்டு, வலது விளிம்பிலிருந்து 312-இல் வைக்க வேண்டியிருக்கும். அகலப்படத்தில் பார்ப்பவருக்கு அது நடுவில் மிதப்பது போலத் தெரியும். அந்த வழி உண்மையிலேயே இருந்தால் மட்டும் செய்யுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டுக் கொடுப்பவர்களால் சிக்கல் இல்லை.

கறுப்புக் கோட்டுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது ஆல்ஃபா, அதாவது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஒளிபுகும் என்ற தகவலில் வரும் கோளாறு. கறுப்பின் மேல் வைத்து ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கப்பட்ட படத்தை உங்கள் கீயர் (லோகோவைப் படத்தின் மேல் பதிக்கும் கருவி) இன்னொரு முறை பெருக்குகிறது. அதனால் பாதி ஒளிபுகும் ஓரப் பிக்சல்கள் இருண்டு போகின்றன. கீயரில் ‘ப்ரீமல்டிப்ளைடு’ என்ற தேர்வை மாற்றிப் பாருங்கள். அது இல்லையென்றால் லோகோவை ஸ்ட்ரெயிட் ஆல்ஃபாவாக, அதாவது முன்கூட்டியே பெருக்காமல், மறுபடி எடுத்துப் போடுங்கள்.

அலைவரிசை:
நன்றி அண்ணா, கறுப்புக் கோடு போய்விட்டது. 96, 54-க்கு நகர்த்தியதும் வெட்டுப்பட்ட டிவிகளிலும் முழுதாக வருகிறது. 4:3 வெட்டு யாரும் செய்யவில்லை என்று விசாரித்துவிட்டேன். ஆனால் லோகோவுக்கு அடியில் இருக்கும் மெல்லிய கோடு மட்டும் துடிக்கிறது.

மூன்றாம்கண்:
1 பிக்சல் உயரக் கோடாக இருக்கும். இன்டர்லேஸில் படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் இரண்டு ஃபீல்டுகளாக மாறி மாறி வரும். அந்தக் கோடு இரண்டு ஃபீல்டில் ஒன்றில்தான் வரும், அதனால் துடிக்கும். 3 பிக்சலாவது தடிமனாக்கி, மேல்கீழாக லேசாக மங்கலாக்குங்கள், அடங்கிவிடும். தூய வெள்ளையையும் கொஞ்சம் குறைத்து, பாதி ஒளிபுகும்படி வையுங்கள். நாள் முழுக்க ஒரே இடத்தில் பளிச்சென்று நிற்பது ஓஎல்இடி திரைகளில் தழும்பு விடும். நம் சேனலை விரும்பி மணிக்கணக்கில் பார்ப்பவர் வீட்டில்தான் அது முதலில் நடக்கும்.