ஜோன் லூயிஸப் பத்திக் கதைக்கணும், பாலத்த விட்டா வேற என்ன இரிக்கு?

கல்லடிப்பொடியன்:
எங்கட வாசிப்பு வட்டத்துல வாற ஞாயிறு நான் பத்து நிமிசம், அமெரிக்காவுல கறுப்பின மக்கள்ட உரிமைக்குப் போராடின ஜோன் லூயிஸப் பத்திக் கதைக்கணும். 1965 மார்ச் 7 வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போகக்குள்ள அலபாமா மாநிலத்துல செல்மா பாலத்துல பொலிஸ் அடிச்சு மண்டை வெடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும், அதையே திருப்பிச் சொன்னா ஆக்கள் கொட்டாவி விடுவாங்க. மறுகா அந்த ஆள் 1987ல இருந்து 2020ல மௌத்தாகும் மட்டும் அமெரிக்கக் காங்கிரசுல இருந்திரிக்காரு. நம்மட பக்கத்துல எலக்சன் வெண்டா அடுத்த எலக்சன் மட்டும் ஆளக் காணேலாது, இவரும் அப்பிடித்தானா?

வாவிக்கரை:
இல்ல தம்பி, எம்பியா இரிக்கக்குள்ளயே அஞ்சு தரம் அரெஸ்ட் ஆன மனிசன். 1988ல நிறவெறி ஆட்சிய எதிர்த்து தென்னாபிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால, பிறகு சூடான்ல டார்பூர் பகுதியில நடந்த படுகொலைகள எதிர்த்து சூடான் தூதரகத்துக்கு முன்னால ரெண்டு தரம். 2016ல துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் கேட்டு சபைக்குள்ளயே நிலத்துல குந்திட்டாரு, அப்ப வயசு 76! பாலத்தையும் விட்றாதீங்க, ஆனா அடியச் சொல்லாம அவர் கொண்டு போன பையப் பத்திச் சொல்லுங்க. எப்பிடியும் மறியல்தான் எண்டு நினைச்சு முதுகுல ஒரு பை, அதுக்குள்ள ரெண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு தோடம்பழம், பல்லு விளக்குற பிரசும் பேஸ்டும். அந்த 1965லயே ஆகஸ்ட் 6 வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாச்சு.

கல்முனை காக்கா:
ஆளத் தேவதூதராக்கிப் போடாதீங்க மகன். 1986ல முதல்முதலா காங்கிரசுக்குத் தெரிவானதே, கட்சிக்குள்ள நடந்த வேட்பாளர் தேர்தல்ல கூட்டாளியத் தோற்கடிச்சித்தான். ஜூலியன் போண்ட், போராட்டத்துல ஒண்டா இருந்தவர், முதல் சுற்றுல அவர்தான் முன்னுக்கு, டிபேட்டுல லூயிஸ் போதைவஸ்து டெஸ்ட் எடுக்க வாறியா எண்டு கேட்டுட்டாரு. ரெண்டாம் சுற்றுல கொஞ்ச வாக்குல வெண்டாரு, உறவு வருசக்கணக்கா கசந்து போச்சு. எலக்சன் எண்டா எலக்சன்தான், இதச் சொல்லாட்டி கதை அரைவாசிதான். எனக்கெண்டா இதக் கேட்ட பிறகுதான் ஆள் மனிசனாத் தெரிஞ்சாரு.

வாவிக்கரை:
காக்கா சொல்றது சரி, அந்த டெஸ்ட் கதை எனக்கும் பிடிக்கல்ல.

மாமாங்கத்து டீச்சர்:
வாசிப்பு வட்டம் எண்டா ஏன் லைப்ரரிக் கதையால தொடங்கக் கூடாது? லூயிஸ்ட ஊர் அலபாமால ட்ரோய், குத்தகைக்குப் பயிர் செஞ்ச குடும்பம். 1956ல, 16 வயசுல, சகோதரங்களோட பொது நூலகத்துக்குப் போய் காட் கேட்டா, இது வெள்ளைக்காரருக்கு மட்டும் எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. 1998ல தான் எழுதின புத்தகத்துல கையெழுத்துப் போட அதே நூலகத்துக்குக் கூப்பிட்டாங்க, அண்டைக்குத்தான் காட் குடுத்தாங்க. 42 வருசம் மகன்.

கல்லடிப்பொடியன்:
டீச்சர் இதாலதான் தொடங்கப் போறன், காக்காட கதைய நடுவுல வைக்கிறன். என்ட லைப்ரரி காட் முடிஞ்சே ரெண்டு வருசம், ஞாயிறுக்கு முதல் போய்ப் புதுப்பிக்கணும், இல்லாட்டி ஆரும் கேட்டா மானம் போகும்.