காஸ்லேண்ட்ஸ் கத்துக்கிட்ட கதை: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

திரி தொடங்கியவர்

பொம்மைக் காரை வச்சு மேசையில ரேஸ் விட்டு, ஓடுற ஓட்டத்துலயே ஒருத்தர் வண்டியை ஒருத்தர் சுட்டு நொறுக்கற ஆட்டம் இது. ஆஸ்ப்ரே பதிப்பகம் 2017ல புத்தகமா போட்டாங்க. 2019ல 'ரீஃபியூல்ட்'னு பெரிசாக்கி மறுபடி வந்துச்சு. வீட்டுல கிடக்கிற ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் காரே போதும்ங்கிறதுதான் என்னை இழுத்தது.

இங்க இங்கிலாந்துல ஒரு கிளப்புல கத்துக்கிட்டேன். முதல்ல புரிய வேண்டியது கியர். ஒரு சுற்றுல ஆறு கட்டம். மூணாவது கட்டத்துல மூணாவது கியரிலோ அதுக்கு மேலயோ இருக்கிற வண்டி மட்டும்தான் நகரும். அதனால அஞ்சாவது கியர்ல போறவருக்கு ஒரே சுற்றுல அஞ்சு வாய்ப்பு, முதல் கியர்ல நிக்கிறவருக்கு ஒண்ணுதான். வேகத்தை இவ்வளவு அழகா விதியாக்கின ஆட்டத்தை நான் வேற பார்த்ததில்லை.

ஆனா வேகத்துக்கு விலை உண்டு. எனக்கு எதிரே ஆடினவர் நாலாவது கியர்ல இருந்தார், வண்டி மேல நாலு ஹசார்ட் டோக்கன் (ஆபத்தைக் காட்டற வில்லை, ஆறு சேர்ந்தா வண்டி கட்டுப்பாடு இழக்கும்). டெம்ப்ளேட்டை (வண்டி போற பாதையோட வடிவத்துல வெட்டின அட்டை) வச்சு காரை நகர்த்திட்டு மூணு ஸ்கிட் பகடையை (வண்டி சறுக்குதா இல்லையான்னு சொல்ற பகடை) உருட்டினார். ரெண்டு ஷிஃப்ட் (கைகொடுக்கற முகம்), ஒரு ஸ்பின் (வண்டி சுத்திடும்). ஒரு ஷிஃப்டைக் கொடுத்து ஸ்பின்னை ரத்து பண்ணினார். மிச்சம் ஒண்ணு. அதை வச்சு ஒரு டோக்கனைக் கழிக்கலாம், இல்ல கியரை ஏத்தலாம். ஏத்தினா கூடவே ஒரு டோக்கன் ஏறும். கொஞ்ச நேரம் பகடையையே பார்த்தவர் ஏத்திட்டார். டோக்கன் அஞ்சு. அடுத்த கட்டத்துல அவர் வண்டி மட்டும் நகருது, எல்லாரும் எழுந்து நின்னு பார்க்கிறோம். அந்த கியருக்கு ஆபத்தான டெம்ப்ளேட்டைத்தான் எடுத்தார். ஆறாவது டோக்கன். பகடையும் கைகொடுக்கலை. வைப்அவுட்! வண்டியை எதிராளி இஷ்டத்துக்குத் திருப்பி வச்சாச்சு, கியர் ஒண்ணுக்கு இறங்கிடுச்சு. அன்னைக்குத்தான் ஆட்டம் எனக்கு முழுசா விளங்குச்சு.

மறுமொழி 1

அண்ணா, எனக்கு ஆட்டத்தை விட வண்டி செய்யறதுதான் உயிர். காரைக் கவிழ்த்துப் பார்த்தா அடியில ரிவெட் தெரியும். அதை ட்ரில்லால எடுத்தா உடம்பு தனி, சக்கரம் தனியா வந்துடும். பிரைமர் (அடிப்பூச்சு) அடிச்சு, காஞ்சதும் ஸ்பாஞ்சுத் துண்டால பழுப்பு பெயின்ட்டை ஒத்தி ஒத்தி எடுத்தா அசல் துரு. வேற மாடல் கிட்டுல மிஞ்சின பிளாஸ்டிக்கை ஒட்டினா துப்பாக்கி. என் பையன் பானெட்ல ஒட்டின கம்பிவலையை இன்னைக்கும் எல்லாரும் கையில எடுத்துப் பார்க்கிறாங்க.

டீம் கட்டறதுக்கு 'கேன்' கணக்கு (வண்டிக்கும் ஆயுதத்துக்கும் ஆட்டத்துல உள்ள விலை), வழக்கமா 50. சாதா கார் 12, பெர்ஃபார்மன்ஸ் கார் 15, மெஷின் கன் 2. ட்ரக்கும் 15தான், அடி நல்லா தாங்கும். ஆனா அதுக்கு ஸ்கிட் பகடை ரெண்டே ரெண்டு, வளைவுல திணறும். புதுசா வர்றவங்க ஆயுதத்துல கேனைக் கொட்டாதீங்க, இன்னொரு வண்டி எடுங்க.

மறுமொழி 2

சுடற விதியையும் சேர்த்துடறேன். பகடையில 4ம் அதுக்கு மேலயும் விழுந்தா அடி, 6 விழுந்தா ரெண்டு அடி. அடி வாங்கறவர் தன் கியர் எண்ணிக்கைக்குப் பகடை உருட்டணும், விழற ஒவ்வொரு 6ம் ஒரு அடியைத் தள்ளிடும். வேகமா போறவனைச் சுடறது கஷ்டம்ங்கிறது இதுலயே வந்துடுது.

நான் யாருக்குக் கத்துக்கொடுத்தாலும் டெத் ரேஸ்லதான் (கேட்களை வரிசையா தாண்டி ஓடற பந்தயம்) ஆரம்பிப்பேன். முதல் கேட்டைத் தாண்டற வரைக்கும் யாரும் சுட முடியாது. அதுக்குள்ள கியரும் டெம்ப்ளேட்டும் கைக்குப் பழகிடும். வண்டி நொறுங்கினாலும் கடைசியா தாண்டின கேட்டுல இருந்து திரும்ப வரலாம், அதனால யாரும் பாதியில வேடிக்கை பார்த்துட்டு உட்கார வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு கார், முன்பக்கம் ஒரு மெஷின் கன், மூணு கேட். அவ்வளவு போதும், ஸ்பான்சர் (டீமுக்குச் சிறப்புச் சலுகை தர்றவங்க) விதியெல்லாம் ரெண்டாவது ஆட்டத்துல பார்த்துக்கலாம்.