மேனேஜர் எதிரில் "ஆள் இறங்கக் கூடாது" என்று எப்படிச் சொல்வது?

எர்ணாவூர்க்காரன்:
மணலியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். டேங்க் கிளீனிங், வெல்டிங், வால்வு மாற்றுவது எங்கள் வேலை. என் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள். இன்னும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறேன்.

அடுத்த வாரம் ஷட்டவுன், பிளான்ட்டை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடக்கும். டேங்குக்குள் இருக்கும் காற்றைச் சோதிக்கும் கேஸ் டெஸ்ட் முடியாவிட்டாலும் "ஆளை இறக்கு, பேப்பர் பின்னாடி வரும்" என்பார் எங்கள் மேனேஜர், எல்லோர் எதிரிலும், சத்தமாக. இனி அந்தப் பேச்சு என்னிடம்தான் வரும். யாராவது குரலை உயர்த்தினாலே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வேலையும் வேண்டும், தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். ஆனால் உள்ளே இறங்கப் போகிறவர்களின் பிள்ளைகளை எனக்குப் பேர் சொல்லித் தெரியும். இந்தத் தைரியத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

பழைய ஃபோர்மேன், திருவொற்றியூர்:
தம்பி, தொண்டை அடைப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நன்றாகச் சத்தம் போடுகிற பலர், உள்ளே இறங்க எழுத்தில் அனுமதி தரும் பெர்மிட் விஷயத்தில் வாயே திறக்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் தைரியத்தைத் தேடினால் கிடைக்காது, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதலில், அந்த டேங்கைப் பற்றி மேனேஜரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கட்டும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் சாதாரணமாக ஆளை இறக்கக் கூடாது. வெறும் தண்ணீர் இருந்த டேங்க்கூட மூடியே கிடந்தால், துருப்பிடிக்கப் பிடிக்க உள்ளே ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். வாசனை கிடையாது, புகை கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. "மோந்து பார்த்தேன், ஒண்ணுமில்ல" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் மீட்டரை இறக்கிப் பாருங்கள். அப்புறம் உங்கள் வாயில் "பயமாக இருக்கிறது சார்" என்று வராது. "18 காட்டுது சார், காத்து உள்ளே போக ப்ளோயர் ஓடட்டும்" என்று வரும்.

ஷட்டவுனுக்கு முன்பே மேனேஜரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்: "டெஸ்ட் ஆகாமல் இறக்க மாட்டேன் சார். காலையிலேயே டெஸ்ட் முடிய ஆள் சொல்லிவைக்கிறேன், நேரம் வீணாகாது." எல்லோர் எதிரிலும் முதல் தடவையாக மறுத்தால் அது அவருக்கு மானப் பிரச்சினை. டேங்கைப் பற்றிய பேச்சே போய்விடும்.

மூத்தவர்களில் ஒருவரையாவது உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, மில் ஆட்களின் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. அவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கவும் அவர்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. நீங்களும் டேங்க் வரை காத்திருக்காமல் இந்த வாரமே உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார் நைந்துபோன ஹார்னஸை, டேப் சுற்றிய கேபிளை ஓரம் கட்டுங்கள். சின்னதில் "முடியாது" என்று சொல்லி வாய் பழகட்டும்.

இன்னொன்று. உங்கள் ஆள் ஒருவர் வேலையை நிறுத்தச் சொல்லி, பார்த்தால் ஒன்றுமில்லை என்றாலும் அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை யாருமே சொல்ல மாட்டார்கள். சூப்பர்வைசருக்கு இதுதான் முதல் வேலை என்பேன்.

வார்டு இன்சார்ஜ், ராயபுரம்:
ஐயா சொன்னது சரி, ஆனால் காது கொடுத்துக் கேட்கிற மேனேஜராக இருந்தால்தான் தனிப்பேச்சு பலிக்கும். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜனிடம் "நிறுத்துங்க டாக்டர்" என்று சொல்ல ஒரு நர்ஸுக்கு எவ்வளவு பயம் இருக்கும்! உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என்று மூன்று முறை அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தினமும் படிப்பதால் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிவதில்லை. நீங்களும் காலையில் ஆட்களை நிற்கவைத்து பெர்மிட்டைச் சத்தமாகப் படியுங்கள் சகோ. டெஸ்ட் அளவு எழுதும் இடம் காலியாக இருந்தால் எல்லோர் காதிலும் விழும். மேனேஜரிடம் பேசியதை வாட்ஸ்அப்பிலும் மரியாதையாக ஒரு வரி போட்டுவையுங்கள்.

கொருக்குப்பேட்டை:
சட்டமும் உங்கள் பக்கம்தான். 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான செய்முறை நடக்கும் இடத்தில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி நிர்வாகத்திடமும், அதே சமயம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம் என்றது அது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே செக்‌ஷன் நம்பரைச் சொல்லாதீர்கள், பகை வந்துவிடும்.

எர்ணாவூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நாளைக்கே மேனேஜரைப் பார்க்கிறேன். ஐயா, எல்லாம் செய்தும் உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால்?

பழைய ஃபோர்மேன், திருவொற்றியூர்:
யாரும் பின்னாலேயே இறங்கக் கூடாது தம்பி. காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து செத்த விபத்துகள் நிறைய. வெளியிலிருந்தே இழுக்கிற மாதிரி மூன்று கால் டிரைபாடும் கயிறும் மாட்டாமல் முதல் ஆளையே இறக்காதீர்கள். மேன்ஹோல் பக்கத்தில் ஒருவர் நகராமல் நிற்கட்டும். இதை அண்ணன்மாரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள். கூட வேலை செய்கிறவன் விழுந்தால் யோசிக்காமல் குதிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டியவர் நீங்கள்.