பைக்ல கார்ப் (கார்ப்பரேட்டர்) கழுவியும் திரும்ப ஆஃப் ஆகுது, புது கார்ப் மாத்தணுமா இல்ல டேங்க பாக்கணுமா?

தண்டையார்பேட்டை_தம்பி:
அண்ணன்மாருங்களா ஒரு ஹெல்ப். எங்க அண்ணன் கப்பல் வேலைக்குப் போறப்ப அவனோட பல்சர் 150ய, 2014 மாடல், 2022 கடைசில தார்ப்பாய் போட்டு மூடி கேட்டுக்குள்ள நிறுத்திட்டுப் போனான், டேங்க்ல கால்வாசி பெட்ரோல் அப்டியே. நடுவுல மிக்ஜாம் புயல்ல தெருவே குளமா இருந்தப்ப வீல் பாதி வரைக்கும் தண்ணி வேற. இப்ப அவன் ஊருக்கு வர்றான்னு ஷாப்ல குடுத்து பேட்டரி, ப்ளக் மாத்தி, கார்ப்பரேட்டர் கழட்டி கழுவி, புது பெட்ரோல் ஊத்தி எடுத்தாந்தேன். கொஞ்ச நாள் ஜோரா ஓடுச்சு. இப்ப பழையபடி சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது, சோக்க எடுத்தா படக்குனு ஆஃப். முறுக்கிக்கிட்டே இருந்தா ஓடும், சிக்னல்ல கைய விட்டா காலி. மெக்கானிக் புது கார்ப் போட்டுடு தம்பின்றாரு. போடலாமா?

புளியந்தோப்பு_பல்சர்:
போட்டுடு ப்ரோ, யோசிக்காத. ரெண்டு வருஷத்துக்கு மேல நின்ன கார்ப்ல உள்ள இருக்குற ஓட்டையெல்லாம் பிசின் மாதிரி அடைச்சிருக்கும், நீ எத்தன வாட்டி கழுவுனாலும் போவாது. எல்லாம் இந்த 20 பர்சென்ட் எத்தனால் பெட்ரோல் பண்ற வேல, நின்ன வண்டியெல்லாம் இதுலயே நாசமா போவுது.

ஸ்பேனர்_சித்தப்பா:
ஒரு நிமிஷம் தம்பி, பர்ஸ எடுக்காத. சோக் போட்டா ஓடுது எடுத்தா ஆஃப் ஆகுதுன்னா அது ஸ்லோ ஜெட் அடைப்பு, அதாவது முறுக்காம இருக்கப்ப பெட்ரோல் விடுற குட்டி ஓட்டை அடைச்சிருக்கு, இதுல பெரிய ஆராய்ச்சியே வேணாம். சோக்குக்கு பெட்ரோல் வர்ற வழி தனி, ஐட்லிங்குக்கு, அதான் முறுக்காம சும்மா ஓடுறதுக்கு, வர்ற வழி தனி. ஸ்லோ ஜெட் ஓட்டை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, ஒரு தூசு போதும். முறுக்குறப்ப பெட்ரோல் விடுற மெயின் ஜெட் பெருசு, அதான் முறுக்குனா ஓடுது.
இங்க கேக்க வேண்டியது வேற. கழுவுன கார்ப் கொஞ்ச நாள் நல்லா ஓடிச்சுல்ல? அப்ப கார்ப் நல்லாதான் இருக்கு. திரும்ப அடைச்சது எங்கேருந்து வந்துச்சு? மேல டேங்க்லேருந்துதான வரணும். டேங்க கழுவுனாங்களா?

தண்டையார்பேட்டை_தம்பி:
இல்ல சித்தப்பா, பழைய பெட்ரோல் மேலயே புதுசு ஊத்திட்டாங்க. கலந்தா சரியாயிடும்னாங்க.

ஸ்பேனர்_சித்தப்பா:
வெளங்கிடும்.

காசிமேடு_கடல்காத்து:
இன்னாபா இதுக்குப் போயி பஞ்சாயத்து, நம்ம ஏரியால கடல் காத்துல நின்னா எல்லா வண்டியும் இப்டித்தான், எங்க பக்கத்துல ஒருத்தரு கீறாரு, ஒயர உரிச்சி உள்ள கீற செம்புக் கம்பிய உருவி ஜெட்டுல விட்டு ரெண்டு குத்து குத்துவாரு, அப்பால வாயால ஊதி மாட்டிடுவாரு, வண்டி பறக்கும். கார்ப்பும் வாணாம் டேங்க்கும் வாணாம்.

ஸ்பேனர்_சித்தப்பா:
அந்தக் குத்துனாலதான் பாதி வண்டி மைலேஜ் போயி கரும்புகை கக்குது. ஜெட் பித்தளை. ஒல்லியா ஒரு செம்பு இழைய மெதுவா விட்டா தப்பிக்கும், ஆனா ஷாப்ல எவன் மெதுவா விடுறான், கைக்குக் கிடைச்ச ஸ்டீல் கம்பியதான் விடுவான். ஓட்டை பெருசாச்சுன்னா அந்த ஜெட் குப்பைக்குத்தான். கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஊற வெச்சு, கம்ப்ரசர்ல ஏர் அடி, போதும். இன்னொன்னு, இந்தப் பல்சர் கார்ப்ல மேல் மூடிக்குள்ள ரப்பர் டயாஃப்ரம், மெல்லிசான சவ்வு மாதிரி, இருக்கு, அத வெளிய எடுக்காம ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா ரப்பர் ஊதிப் போயி திரும்ப உக்காராது. அப்பறம் நிஜமாவே புது கார்ப் வாங்க வேண்டியதுதான்.

மணலி_லேப்_அக்கா:
நான் எரிபொருள் டெஸ்ட் பண்ற வேலைல இருக்கேன், அதனால எத்தனால் பத்தி மட்டும் சொல்றேன். பல்சர் தம்பி, வண்டி நின்னது 2022 கடைசில. அப்ப பெட்ரோல்ல கலந்தது 10 சதவீதம்தான். 20 கலந்தது 2023லதான் முதல்ல சில பங்க்ல வந்துச்சு, அப்பறம் மெதுவாதான் எல்லா இடத்துக்கும் பரவுச்சு. அதனால அந்தப் பழைய பெட்ரோல் கெட்டதுக்கு E20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மேல பழி போட முடியாது. எத்தனாலே கலக்காத பெட்ரோலும் அவ்ளோ நாள் வெச்சா லேசா இருக்குறது ஆவியாயிடும், மிச்சம் காத்துபட்டு மஞ்சளா பிசுபிசுன்னு ஆயிடும்.
ஆனா எத்தனாலுக்கு ரெண்டு குணம் உண்டு. ஈரத்த இழுக்கும். ஓரளவுக்கு மேல தண்ணி சேந்துச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் சேந்து பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு அடில போயி உக்காரும், பெட்ரோல திறந்து மூடுற டேப்புக்குப் போற பைப்பும் அங்கதான் இருக்கு. அடுத்தது, அது பழைய பிசின், துரு எல்லாத்தையும் இளக்கி விடும். இப்ப நீங்க ஊத்துன புது பெட்ரோல் E20ஆ இருந்தா டேங்க்ல ஒட்டிக்கிட்டு இருந்த அழுக்க அதுவே கிளப்பி அனுப்பியிருக்கும். கொஞ்ச நாள் ஓடி நின்னதுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம்.

புளியந்தோப்பு_பல்சர்:
அக்கா சொல்றதும் கடைசில எத்தனால்தான 😀 சரி டேங்க் கழுவுறதுன்னா லேசா? டேங்க இறக்கணும், வெனிகர் ஊத்தி ஊற வெக்கணும், பழைய செயின போட்டு குலுக்கணும், சோடா மாவு தண்ணில கழுவணும், ஒரு ராத்திரி ஈரமா விட்டா திரும்ப துரு. இவன் அண்ணன் லீவே முடிஞ்சிடும். புது கார்ப் ஒரு மணி நேர வேல.

ஸ்பேனர்_சித்தப்பா:
அந்தப் புது கார்ப்புக்கும் அதே டேங்க்லேருந்துதான்யா பெட்ரோல் போகும். ஒரு மாசம் கழிச்சு இதே கேள்வியோட திரும்ப வருவான்.
தம்பி, குலுக்குறதெல்லாம் அப்பறம். முதல்ல கார்ப் அடில கப்புல ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும், அத லூஸ் பண்ணி வெள்ளை பாட்டில்ல பிடி. அடுத்து டேங்க்லேருந்து டேப்ப கழட்டி, டேங்க்ல இருக்குறதையும் பிடி. ரெண்டு மணி நேரம் அப்டியே வெச்சுப் பாரு, எது சரின்னு பாட்டிலே சொல்லும். இன்ஜின் ஆறுனதுக்கப்பறம் பண்ணு, பக்கத்துல பீடி சிகரெட் எவனும் வரக்கூடாது.
அப்டியே கார்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர வளைச்சுப் பாரு, நின்ன வண்டில அது வெடிச்சிருக்கும். அதுல காத்து இழுத்தாலும் இதே மாதிரிதான் ஐட்லிங் நிக்காது, நம்மாளுங்க கார்ப்பதான் திட்டுவாங்க.

காசிமேடு_கடல்காத்து:
டேங்க் மூடில கீற சின்ன ஓட்டையும் பாரு தம்பி, உப்புப் பூத்து அட்ச்சிக்கும். கொஞ்ச தூரம் ஓடி நின்னு போயி, மூடிய தொறந்தா புஸ்ஸுனு காத்து போச்சுன்னா அதான் கேஸு.

தண்டையார்பேட்டை_தம்பி:
பிடிச்சுப் பாத்தேன். டேங்க் பாட்டில்ல அடில ரெண்டு விரல் அளவுக்கு வேற கலர்ல தனியா நிக்குது, அதுக்கும் கீழ செங்கல் பொடி மாதிரி. டேப்புல இருந்த வலை ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. கார்ப் கப்புலயும் அதே பொடிதான். ரப்பர்ல வெடிப்பு இல்ல.

ஸ்பேனர்_சித்தப்பா:
கிழிஞ்ச வலை. அவ்ளோதான் கதை. புது டேப் வாங்கு, டேங்க கழுவு, ஸ்லோ ஜெட்ட மட்டும் திரும்ப சுத்தம் பண்ணு.

புளியந்தோப்பு_பல்சர்:
டேங்க் எதுக்கு சித்தப்பா, ட்யூப் நடுவுல ஒரு ஃபில்டர் போட்டா பொடி நின்னுடும்ல.

மணலி_லேப்_அக்கா:
பொடி நிக்கும், தண்ணி நிக்காது.

ஸ்பேனர்_சித்தப்பா:
அதோட இதுல பம்ப் கிடையாது, பெட்ரோல் தானா இறங்கி வரணும். ஃபில்டர் மேல பாத்து நின்னாலோ ட்யூப் மடங்குனாலோ ஸ்பீடுல போறப்ப பெட்ரோல் பத்தாம இழுக்கும். டேங்க் கழுவிட்டு அப்பறம் ஃபில்டரும் போடு, வேணாம்னு சொல்லல.

புளியந்தோப்பு_பல்சர்:
நான் இன்னும் புது கார்ப்னுதான் சொல்லுவேன், டேங்கும் கழுவிக்கோ.

தண்டையார்பேட்டை_தம்பி:
ஞாயித்துக்கெழம டேங்க இறக்குறேன். அந்தப் பழைய பெட்ரோல என்ன பண்றது, சாக்கடைல ஊத்திடவா?

மணலி_லேப்_அக்கா:
ஐயோ வேணாம், தீப்பிடிக்கும், நேரா கால்வாய்க்கும் போகும். இரும்பு கேன்ல இறுக்கி மூடி, பழைய ஆயில் எடுக்குற ஷாப்ல கேட்டுப் பாரு.

காசிமேடு_கடல்காத்து:
மேல நிக்கிறத மட்டும் வடிச்சி எனக்குக் குடு நைனா, செயின் கழுவிக்கிறேன்.